கல்லைப் போட்டிருந்தது யார்

கம்பம் பஜாரில் அந்த நகைக்கடைக்காரர், விற்கப் போன என் வைர மூக்குத்தியைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். பழைய கல், உள்ளே கரும்புள்ளி இருக்கும், தங்கத்துக்கு உண்டானதைத் தருகிறேன், கல்லுக்கு ஏதோ பார்த்துப் போட்டுத் தருகிறேன் என்றார். மூக்கில் இருக்கிற கல்லுக்குள் புள்ளி இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண்ணும் ஒரு கண்ணா? "புள்ளி உங்க கண்ணுல உளுந்திருக்குதுங்க, டாக்டருகிட்டக் காமிங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் புத்தி வந்தது. வாயை வைத்துக்கொண்டு வீடு வாங்க முடியாது.

வீடு என்றால் பெரிய வீடு என்று நினைத்துவிட வேண்டாம். வண்டன்மேட்டில், ஏலத்தோட்டத்துக்குள் இறங்குகிற பாதையில், தகரம் போட்ட இரண்டு அறைகள். பின்னால் கொஞ்சம் இடம், ஒரு கொய்யா மரம். தோட்டத்து முதலாளி கோட்டயம் பக்கம் போய்க் குடியேறப் போவதாகவும், எல்லாவற்றையும் விற்றுவிடுவதாகவும் சொல்லிவிட்டார். நான் பல வருஷம் குடியிருந்தவள் என்பதால் அந்த வீட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறாயா என்று முதலில் என்னைக் கேட்டார். ஓணத்துக்குள் பணம் கொடுத்தால் எனக்கு. இல்லையென்றால் தோட்டத்தை வாங்குகிறவர் அதை விறகுக் கொட்டகை ஆக்கிக்கொள்வார். ஆவணி பிறந்துவிட்டிருந்தது. என்னிடம் விற்கும்படியாக இருந்தது அந்த ஒற்றைக் கல் ஒன்றுதான்.

அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும் என்று எனக்கு என்ன பிடிவாதம் என்று கேட்கலாம். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போனது அந்த வீட்டிலிருந்துதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஏலச்செடியெல்லாம் நோய் வந்து குறுகிப்போன வருஷம் அது. மைசூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பினார். குடையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மழை விட்டுவிட்டது என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. ஒரு கார்டுகூட வரவில்லை. தேடிப் போன என் அண்ணன் அங்கே அப்படி யாரும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

அவருக்குக் கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. தோளால் ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். அதனால் அவர் போன நாளிலிருந்து நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டதில்லை. ஆட்டுக்கல் குழவியைக் கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து வைப்பேன். நரி, நாய் தள்ளினால் அசையாது. அவர் தள்ளினால் திறக்கும். ஒருத்திக்கு எதற்கு இட்லி மாவும் தோசை மாவும், குழவிக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. ஒரு பொம்பளை தனியாக இருக்கிற வீட்டில் தாழ்ப்பாள் போடாமல் படுப்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் என்னிடம் கெட்டவர்களாக இருந்ததில்லை. காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஒன்றாகத்தான் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவோம். எல்லோரும் தேனி, போடி, திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். நான் ஒருத்திதான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம், காட்டுவேலை பார்க்கிற விவசாயக் குடும்பம். என் "ஏனுங்க, என்னங்க" அவர்களுக்குச் சிரிப்பு. அது பரவாயில்லை. ஆனால் ஒரு சீர், சடங்கு, வளைகாப்பு என்றால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். தாலி போட்டிருக்கிறாள், பொட்டு வைத்திருக்கிறாள், புருஷன் இருக்கிறானா செத்தானா தெரியாது. இப்படிப்பட்டவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது, குங்குமம் கொடுப்பதா வேண்டாமா? அவர்களுக்கே குழப்பம். கூப்பிடாமல் இருந்துவிட்டால் குழப்பம் இல்லை. குழாயடியில் என்னைப் பார்த்தால் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். நானும் வலியப் போய் நிற்கிற ரகம் இல்லை. அப்படியே பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்கிறேனே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் என் குரலையே நான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

கம்பத்துக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகு, கல்லைப் பற்றித் தெரிந்த யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்காமல் விற்கக் கூடாது என்று தோன்றியது. ஆழம் தெரியாமல் காலை விட்டால் போவது என் வீடு. என் கல்யாணத்துக்கு அப்பா அந்தக் கல்லை வாங்கியது பாலக்காட்டில், கல்பாத்திப் பக்கம், வைரம் பார்த்துக் கொடுக்கிற ஒரு பிராமணரிடம். அவர் இப்போது இல்லை என்றும், மகன் பாங்கில் நகைக்கடனுக்கு மதிப்புப் போடுகிற வேலையில் இருக்கிறார் என்றும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கல் பார்க்கிறார் என்றும் எனக்குத் தெரியும். லயத்தில் யாரிடமும் எதற்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் எதற்கு அவல் கொடுக்க வேண்டும்? ஸ்டோரில் லீவு மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எமர்ஜென்சிக் காலம். பஸ்ஸெல்லாம் இப்போது நேரத்துக்கு ஓடுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நான் ஏறிய பஸ்ஸுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பழனியில் ஒரு ராத்திரி முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய்ச் சேர்ந்தேன்.

கல் பார்க்கிற அந்த மகனுக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும். பரபரப்பான ஆள். பேசிக்கொண்டே இருப்பார், பேசுவதற்கு நடுவில் தன்னையே மெச்சிக்கொள்வார். மூக்கில் இருக்கிற கல்லைத் தன் அப்பாவேகூடப் பார்த்துச் சொன்னதில்லை, கழற்றினால்தான் பேச்சு என்றார். கழற்றப் போனால் திருகு அசையவில்லை. கல்யாணத்தன்று போட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை. மஞ்சளும் எண்ணெயும் சோப்பும் போய் இறுகிக் கிடந்தது. அவர் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் என்னை உள்ளே அழைத்துப் போய், மோவாயை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்து, அவசரமே இல்லாமல் திருகினாள். அரைமணி நேரமாவது ஆகியிருக்கும். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டாள். என் முகத்தை இன்னொருத்தர் கை தொட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. திருகு கழலாமலே இருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன்.

அவர் கல்லைப் பூந்திக்கொட்டை நுரையில் ஊறப்போட்டுத் தேய்த்தார். பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தார். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோவார் என்று பார்த்தால், வடக்கு ஜன்னலோரம் வெள்ளைக் காகிதத்தைப் போட்டு அதன்மேல் வைத்தார்.

"வெயில்ல எல்லாக் கல்லும் மினுங்கும், கேட்டேளா. நிழல்ல மினுங்கறதுதான் கல்லு" என்றார்.

மினுங்கியது. அவ்வளவு வருஷம் என் மூக்கிலேயே இருந்தும் அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்ததோ கையகலக் கண்ணாடி. அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு ரேகை இருக்கிறது, கரும்புள்ளி கிடையவே கிடையாது, உள்ளே ஓடுகிற ஒளி நல்ல நீரோட்டம் என்றார். கம்பத்துக்காரரை அந்த இடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்கவேண்டும் போல இருந்தது எனக்கு. பிறகு வழி சொன்னார். கடைக்குப் போகாதே, கடைக்காரன் பழைய கல் என்றாலே பாதியில்தான் ஆரம்பிப்பான். தங்கத்தை வேறாகப் பிரித்துத் தங்கமாக விற்றுவிடு. கல்லைத் தனியாக எடை போட்டு, கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்குக் கொடு. அவர்களுக்குக் கடையைவிட லாபம், உனக்கும் லாபம். அவசரம் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு மனசு லேசாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அதைக் கேட்டார்.

"இதை ஆரு போட்டுண்டிருந்தது?"

"நானுங்க. கல்யாணத்துல இருந்து."

"உங்காத்துக்காரர் சௌக்கியமா இருக்காரோ?"

'வந்தாரா, சேதி உண்டா' என்று கேட்பார்கள். சௌக்கியமா என்று அவரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாரோ என்னவோ, அவரே விளக்கினார். கல் வாங்க வருகிறவர்கள் எடையைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்களாம். சுமங்கலி போட்டிருந்த கல் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார்கள். தாலி அறுத்தவள் கழற்றிய கல் என்றால் பாதி விலைக்குத்தான் போகும்.

"இன்னொரு தினுசு உண்டு. ஆம்படையான் விட்டுட்டுப் போனவளோட கல்லு. அதை ஆரும் ஆத்துக்குள்ளேயே ஏத்தமாட்டா. கல்லுதான் அவனை விரட்டித்துன்னு சொல்லுவா."

"இருக்காருங்க" என்றேன். "வண்டன்மேட்டுல ஏலத்தோட்டம் பாத்துட்டிருக்காரு. நல்லா இருக்காரு."

பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் இருக்கிறார் என்பது பொய் என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன? ஆனால் அந்தக் கல்தான் விரட்டியது என்ற பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மூக்கில் போட்டிருந்த இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. லயத்துப் பெண்களுக்குத் தோன்றியிருக்கும்.

கல் பார்த்தவரே ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அரிசி மில் வைத்திருந்தவர்கள். ஆவணிக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். கல்லைப் பார்த்துப் பிடித்துப்போய், மூன்று ராத்திரி வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். வைரம் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். பெண்ணின் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். கெட்ட கனவு, சண்டை, காய்ச்சல் ஒன்றும் இல்லையென்றால் ராசியான கல். ஏதாவது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்த கல்லை அப்புறம் அந்த ஊரில் யாரிடமும் விற்க முடியாது.

அந்த வீட்டு அம்மாள் என்னை ஊஞ்சலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். கட்டின பொண்டாட்டி மூக்கிலிருந்து கழற்றுகிறதற்கு உன் வீட்டுக்காரருக்கு மனசு வந்ததா என்று கேட்டாள். அவருக்குத்தான் முதலில் தோன்றியது என்றேன். இந்தக் காட்டு நிழலில் உன் மூக்குக் கல்லை யார் பார்க்கப் போகிறார்கள், அதை விற்று நிலம் வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள், அடுத்த விளைச்சலுக்கு இதைவிடப் பெரிசாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். டீக்குச் சர்க்கரை போட்டால் கோபம் வரும், மழைக்காலம் முழுக்க இருமுவார், குடையை மட்டும் எடுத்துக்கொள்ளவே மாட்டார். கிளம்புகிறபோது பத்திரமாகப் போய்விட்டு வா, பழனி பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்காராதே என்று சொல்லி அனுப்பினார் என்றேன். அவள் சிரித்தாள், பரவாயில்லையே என்றாள். எனக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வீட்டுக்காரர் இருந்தார். அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மூன்று ராத்திரியும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தேன். மூக்கு ஓட்டை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டேன். திருகு தேய்ந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று அண்ணன் மனைவியிடம் சொன்னேன். வீடு விற்பனைக்கு வந்ததை மட்டும் அண்ணனிடம் சொன்னேன்.

"அதை ஏன் அம்மிணி புடிச்சுத் தொங்கறே? இங்க வந்திரு. உனக்கு ஒருவாய் சோறு எங்களுக்குப் பாரமா?" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். அண்ணன் மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டியை வைப்பதற்கு இடம் காட்டினாள், கடலைக்காய் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே படுத்துக்கொண்டு, அந்த மில்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தலைவலிகூட வரக்கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொள்வார்கள். முகம் தெரியாத ஒரு பெண் நன்றாகத் தூங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நன்றாகத் தூங்கினாளாம். அதோடு இரண்டாம் நாள் அவர்கள் வீட்டுப் பசு கிடாரிக்கன்று போட்டதாம். அந்த அம்மாள் கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். நீ தீர்க்காயுசாக உன் வீட்டுக்காரரோடு இருக்கவேண்டும் என்று எனக்குக் குங்குமம் கொடுத்தாள், நானும் வைத்துக்கொண்டேன். கல்பாத்திக்காரர் மதித்த விலை கிடைத்தது. வீட்டுக்குப் போதும்.

கல் பார்த்தவர் தன் கூலியை வாங்கிக்கொண்டு, வாசல் வரைக்கும் வந்து இன்னொரு யோசனையும் சொன்னார்.

"மூக்கை மூளியா வச்சுண்டு ஊருக்குப் போகாதேங்கோ. ஒரு செவப்புக்கல்லாவது வாங்கிப் போட்டுண்டு போங்கோ. பார்க்கறவா தப்பா நினைச்சுப்பா."

"என்னைய யாருங்க பாக்கறாங்க?" என்றேன்.

மற்ற எல்லா யோசனையையும் கேட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை. நாலணாக் கண்ணாடிக் கல்லைப் போட்டுக்கொண்டு யாரை ஏமாற்ற வேண்டும் என்ற வீம்பு. வேப்பங்குச்சி இருக்கிறது, போதும் என்று பஸ் ஏறிவிட்டேன். பணத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் முடிந்திருந்தேன். வழியெல்லாம் கை அதன்மேலேயே இருந்தது. எங்கோ கண்ணயர்ந்தபோது குச்சி விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கம்பத்திலிருந்து மலையேறின ஜீப்பில் படுதா கிழிந்து, மழை நேராக முகத்திலேயே அடித்தது. முகத்தைத் துடைத்துத் துடைத்து வண்டன்மேட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

குழாயடியில் அடுத்த வீட்டுக்காரி குடத்தோடு நின்றிருந்தாள். என்னைவிட மூத்தவள். முந்தின வருஷம் மகள் சமைந்த சீருக்கு ஊரையே கூப்பிட்டு என்னை விட்டவள். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். ஈரக்கையோடு வந்து என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"தாயி, சேதி வந்துதான் போனியா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா தாயி" என்று குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையைத் தூக்கி மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். பொட்டும் இல்லை. தாலி ரவிக்கைக்குள் கிடந்தது, அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இல்லீங்க, அப்படியில்லீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய் அன்றைக்கு வரவில்லை. அழுகை வந்தது. அவர் போன நாளிலிருந்து எதற்கென்று அழுவது என்று தெரியாமல் அழாமலே வைத்திருந்தது எல்லாம் வந்தது. இடுப்பிலிருந்த பணமுடிச்சு அவள் வயிற்றில் இடித்திருக்கும். அவள் அதைக் கவனிக்கவில்லை.

சத்தம் கேட்டு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் என் வாசல்படி ஏறாதவர்கள் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அடுப்பு மூட்டினாள். ஒருத்தி என் ஈரத்தலையைத் துவட்டினாள். கதவுக்குப் பக்கத்தில் கிடந்த குழவி வழியை அடைக்கிறது என்று இரண்டு பேர் அதை உருட்டிக்கொண்டுபோய் ஆட்டுக்கல்லில் வைத்தார்கள். என்னை எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு நன்றாக நடத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரி தன் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்து, பிசைந்து என் கையில் உருட்டி வைத்தாள்.

"எப்பத்தா நடந்துச்சு?" என்று காதோடு கேட்டாள்.

"தெரியலீங்கக்கா" என்றேன். அந்த வாரம் முழுவதும் அவரைப் பற்றி நான் சொன்னதில் அது ஒன்றுதான் கலப்பில்லாத உண்மை.

விளக்கு வைத்த பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் கடைசியாகப் போனாள். குழவி இல்லாத கதவு காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே நின்றுகொண்டு, "கதவத் தாப்பாப் போட்டுக்கத்தா, நா போறேன்" என்றாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்காமல் அவள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வந்தால் திறந்துகொள்ளும்படி ஒரு கதவு இருக்கவேண்டும் என்றுதான் அந்தக் கல்லை விற்றிருந்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் படியிறங்கிப் போனாள்.